அத்தை கையில் முதல் இறால்

போன வாரம் பொன்னேரி டாக்டர் வீட்டு வாசலில் ரத்னாவை விட்டுவிட்டு வந்தோம். குழந்தைக்கு மூச்சு திரும்பியதா என்று கேட்டு வந்திருக்கும் கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். திரும்பிவிட்டது. நானும் உங்களைப் போலவே நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாசகி மட்டும், "ரத்னாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம், நாத்தனாரிடம் அடங்கிப் போகலாமே" என்று எழுதியிருந்தார். அம்மா, மன்னிக்க வேண்டும். இந்த வாரம் அவளுக்கு வாய் இன்னும் அதிகம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழவேற்காடு ஏரிக்கரையில் நடுமேட்டுக்குப்பம். முனிகிருஷ்ணன் அங்கே வலை போட்டுப் பிழைக்கிறவன். மனைவி ரத்னா. ஒரே பெண் கெங்கம்மாள். கோயில் கெங்கம்மாவின் பெயர்தான், வீட்டில் கெங்கா. வீட்டை ஆள்வது முனிகிருஷ்ணனின் அக்கா செங்கம்மாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கட்டிக்கொண்டு போன இடத்தில் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தாள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் புருஷன் வீட்டார் துரத்திவிட, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தாள். பிள்ளை எப்படிப் போனான் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

கெங்காவுக்குக் கைக்குழந்தையிலேயே கரப்பான். முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னால், கழுத்து என்று சொறிந்து சொறிந்து நீர் கசியும். அப்புறம் பனிக்காலத் தும்மல். போன வருஷம் இழுப்பு. போன வாரம் பக்கத்து வீட்டில் ஒரு வாய் இறால் தொக்கு. அவ்வளவுதான், உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு அடைத்துவிட்டது. இறால் ஏற்ற வந்த ஐஸ் லாரியையே மறித்து ஏறிப் பொன்னேரிக்கு ஓடினார்கள். பாக்கியநாதன் டாக்டர் ஊசி போட்டுப் பிள்ளையை மீட்டார்.

மீட்டுவிட்டு அவர் சொன்னது இது:

"கரப்பான், தும்மல், இழுப்பு, சாப்பிட்டது ஒத்துக்காம வீங்கறது... இதெல்லாம் தனித்தனி வியாதின்னு நினைக்காதேம்மா. ஒரே வயித்துப் பிள்ளைங்க. சில குழந்தைங்களுக்கு ஒண்ணோட நின்னுடும், சிலதுக்கு ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். இனிமே இறால் கிட்டயே போகக் கூடாது. அடுத்த தடவை இதைவிட மோசமா வந்தா நீ இங்க வந்து சேரமாட்டே."

ரத்னா அதைக் கேட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். ஊரோ முதல் இறாலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து, முகத்துவாரம் திறந்து, கடல் தண்ணீர் ஏரிக்குள் வரும்போது இறாலும் கூட வரும். அந்தப் பருவத்தின் முதல் பிடிப்பைக் குப்பத்தில் யாரும் விற்கமாட்டார்கள். கெங்கம்மா கோயில் முன்னால் பானையில் வேகவைத்து, ஐந்து வயது முடிந்த பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்பார்கள். அந்தந்தப் பிள்ளையின் அத்தை தன் கையால் ஓடு உரித்து முதல் இறாலை ஊட்ட வேண்டும். ஊட்டினால்தான் அது குப்பத்துப் பிள்ளை. அப்பனுக்கும் பாட்டில் இடம் உண்டு. பாடு என்றால் ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்ற முறை. பாடு இல்லாதவன் ஏரிக்கரையில் உட்கார்ந்து அலையைப் பார்க்கலாம், வலை போட முடியாது.

அந்த நாள்தான் இன்றைக்கு விடிந்திருக்கிறது.

*

கெங்கா தும்மிக்கொண்டே எழுந்தாள். ஒன்று வந்தால் அடுக்காகத்தான் வரும். தும்மி முடித்து, உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தள்ளித் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா காலங்காத்தால தும்மல்" என்றபடி செங்கம்மாள் வந்தாள். கையில் முனையில் மஞ்சள் தடவிய புதுப் பாவாடை. "குளிப்பாட்டிட்டியா?"

"குளிப்பாட்டிடறேன் அண்ணி. பாவாடையும் போடறேன். கோயிலுக்கும் வரேன். இறால் மட்டும் வாணாம்."

"இறால் இல்லாம கோயிலுக்கு இன்னாத்துக்கு? வேடிக்கை பாக்கவா?"

"சாமி கும்புட."

செங்கம்மாள் பாவாடையைக் கொடியில் எறிந்தாள். "இதெல்லாம் உன்னாலதான் வந்திச்சி. பொன்னேரிலேந்து களிம்பு வாங்கியாந்து தடவினே பாரு, அன்னிக்கிப் புடிச்சது சனி. தோல்ல இருந்தத உள்ள அமுக்கிட்ட. அது போயி நெஞ்சுல குந்திக்கினு இழுப்பா இழுக்குது."

இந்தப் பேச்சு நடுமேட்டுக்குப்பத்தோடு நின்றுவிடுவதில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கரப்பானுக்கு மருந்து போட்டால் அது உள்ளே போய் இழுப்பாக மாறுமாம். அந்த பயத்திலேயே பிள்ளையின் தோல் புண்ணாய்ப் புழுத்தாலும் ஒரு சொட்டு மருந்து போடமாட்டார்கள். பிள்ளை ராத்திரியெல்லாம் பாயில் புரண்டு சொறிந்துகொண்டு கிடக்கும். எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

ரத்னாவுக்கும் வந்தது. "களிம்பு தடவறதுக்கு முன்னாலயே இவளுக்குத் தும்மல் இருந்திச்சி அண்ணி. அது எங்கேந்து அமுங்கிச்சி? இழுப்பும் களிம்பு வாங்கறதுக்கு முன்னாடி பனிலதான் மொதல்ல வந்திச்சி. நீதான் மார்ல சூடு பண்ணி எண்ணெ தேச்ச. மறந்துட்டியா?"

 செங்கம்மாள் சத்தத்தை உயர்த்தினாள்.

"ரெண்டு எழுத்துப் படிச்ச திமிரு! கெங்கம்மா குடுக்கறத வாணாம்னு சொல்றியா? அவ பேரையே வச்சிக்கினு கீற புள்ளைக்கு அவ கெடுதல் பண்ணுவாளா?"

"கெங்கம்மா பண்ணமாட்டா. இறால் பண்ணும்."

வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. வளர்த்தவள் ஒரு பக்கம், கட்டியவள் ஒரு பக்கம் என்று ஆனால் வலையில் எங்காவது ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்யும். செங்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கோயிலுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அவன் உள்ளே வந்தான்.

"ரத்னா, ஒண்ணு சொல்றேன் கேளு. அக்காகிட்ட நான் பேசறேன். முழுசா ஊட்ட வாணாம். சொம்மா உதட்டுல வச்சி எடுத்துடட்டும். ஊருக்கும் ஊட்டின மாதிரி இருக்கும்."

ரத்னா அவனையே பார்த்தாள். "அன்னிக்கு மட்டும் எவ்ளோ தின்னா மாமா? தொக்கு ஒரு வாய் முழுசா முழுங்கல. லாரில உம் மடிலதானே கெடந்தா? உதடு நீலமாயிடிச்சி, நீலமாயிடிச்சின்னு அழுதது நீதானே?"

அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். "பாடு போச்சின்னா இன்னாடி பண்றது?"

"மூச்சு போச்சின்னா நீ இன்னா பண்ணுவ?"

முனிகிருஷ்ணன் கொடியிலிருந்த பாவாடையை எடுத்து அவளிடம் கொடுத்தான். "கெளம்பு. பெரியவர்கிட்ட நானே சொல்றேன்" என்றான்.

சொல்வான் என்று ரத்னா நம்பினாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

கோயில் முன்னால் குப்பமே கூடியிருந்தது. ஓரத்தில் ஒருவன் பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தான். மூன்று கல் அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூடிய தட்டை விலக்கும்போதெல்லாம் இறால் வாசனையோடு ஆவி குபுகுபுவென்று கிளம்பிற்று. பிள்ளைகள் புதுத்துணியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி இடம் ஊர்ப் பெரியவர் சடையப்பனின் பேரன் துளசிராமனுக்கு. பெரியவர் வீட்டுப் பிள்ளை கடைசியில் சாப்பிடுவதுதான் மரியாதை.

முனிகிருஷ்ணன் சடையப்பனிடம் போனான். வாயைத் திறந்தான். "வலை எல்லாம் சரி பண்ணிட்டியாடா?" என்று பெரியவர் கேட்டார். "பண்ணிட்டேன் பெரியவரே" என்றான். அதோடு திரும்பி வந்து கூட்டத்தில் நின்றுகொண்டான்.

ரத்னா பல்லைக் கடித்தாள். காற்று அடிக்கும் பக்கமாக, ஆவி வராத இடமாகப் பார்த்துப் பிள்ளையோடு ஒதுங்கி நின்றாள். ஆனால் செங்கம்மாள் வந்து கெங்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். பானைக்கு நேர் எதிரில்.

உட்கார்ந்த உடனே தும்மல் தொடங்கியது. கெங்கா கண்ணைக் கசக்கினாள். கழுத்தைச் சொறிந்தாள். ரத்னா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தபோது, கழுத்தில் கொசு கடித்த மாதிரி தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. வாயில் ஒன்றும் வைக்கவில்லை. ஆவிக்கே இந்த நிலை.

"அண்ணி, பாரு, கழுத்தப் பாரு!"

"வேர்க்குரு" என்றாள் செங்கம்மாள். அவள் கையில் ஓடு உரித்த இறால் இருந்தது.  

"வாயத் தொற கண்ணு."

கெங்கா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். "வாணாம் அத்தை. அது உள்ள போயி குத்தும்."

"குத்தாது. தொற."

"வாணாம் அத்தை."

செங்கம்மாளின் இன்னொரு கை மெல்ல எழுந்தது. பிள்ளையின் மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். விரல்கள் மூக்குக்குக் கிட்டே போயின. அங்கேயே நின்றுவிட்டன. அந்த மூக்கின் குறுக்கே ஓடிய கோட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

ரத்னா பாய்ந்து நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். யாரும் தடுப்பதற்குள் குனிந்து, அந்த விரல்களுக்கு நடுவே இருந்த இறாலைத் தன் வாயால் கவ்வி மென்று விழுங்கினாள்.

பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

"ஊட்டியாச்சி" என்றாள் ரத்னா. "அண்ணி கையால, எம் பொண்ணுக்குப் பதிலா நான் தின்னுட்டேன். கெங்கம்மாவுக்குக் கணக்கு சரி."

சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னா பொம்பள நீ? பைத்தியமா புடிச்சிக்கீது? சாமி காரியத்துல வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்ல பெரியவரே. எம் பொண்ணுக்கு இறால் ஆகாது. தின்னா செத்துடுவா. போன வாரம் சாகப் பார்த்தா. நீங்களே லாரிய நிறுத்தி ஏத்திவிட்டீங்க."

"அது காத்து சேஷ்டை. இறால் தின்னு செத்த புள்ள எந்தக் குப்பத்துல இருக்குது? நம்ம பாட்டன், முப்பாட்டன் எல்லாம் இன்னா தின்னு வளந்தான்? கத்திரிக்காயா?"

கூட்டத்தில் சிரிப்பு. சிரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "மீனு எறா ஆகாத ரத்தம் நம்ம ரத்தமா? எங்கேந்து வந்திச்சோ, யாரு கண்டா."

ரத்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சொன்னது யார் என்று அவள் தேடவில்லை. எல்லோருக்கும் சேர்த்தே சொன்னாள்.

"ஏரித்தண்ணிதான் நமக்கு சோறு போடுது. அதுக்காக அந்த உப்புத் தண்ணியவே எவனாவது குடிக்கிறானா? எனக்கும் இதே ஏரிதான். மசக்கையில இறாலா தின்னு பெத்தேன் இவள. இவ ரத்தம் யாரு ரத்தம்னு சந்தேகம் இருக்கிறவங்க எம் முன்னால வந்து கேளுங்க. பின்னால நின்னுக்கினு பேசாதீங்க!"

யாரும் முன்னால் வரவில்லை. வந்தவன் முனிகிருஷ்ணன்தான்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. வரிசைக்குள் புகுந்து, இரைக்கத் தொடங்கிவிட்ட மகளை இரண்டு கையாலும் வாரித் தூக்கினான். "நைனா, மூச்சு வாங்குது" என்றாள் கெங்கா. அவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆவியை விட்டு விலகி நடந்தான்.

"டேய் முனிகிருஷ்ணா!" சடையப்பனின் குரல் துரத்தியது. "சாமி காரியம் உன் பொண்டாட்டியால தீட்டாயிடிச்சி. இன்னிக்கு இதோட நிறுத்தறேன். நாளைக்குக் காலையில மறுபடியும் மொதல்லேந்து. உம் பொண்ணு வந்து குந்தணும், உங்க அக்கா ஊட்டணும். இல்லாட்டி பாட்டுல உம் பேரு கெடையாது. ஊரே சாட்சி."

முனிகிருஷ்ணன் நின்றான். திரும்பினான். வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரியவருக்கு எதிர்ப்பேச்சு பேசினான். மூன்று வார்த்தைதான்.

"மொதல்ல மூச்சு வரட்டும்."

*

வீட்டில் கெங்காவை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள் ரத்னா. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஆவி பட்ட பாவாடையைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள். பிள்ளையின் முகத்தையும் கையையும் துடைத்தாள். உச்சிப்பொழுது தாண்டித் தடிப்பு அடங்கியது. மூச்சு சீரானது. "அம்மா, நாஷ்டா இன்னா?" என்று பிள்ளை கேட்டாள். சாயங்காலம் ஆகப் போகிற நேரத்தில் காலைப் பலகாரம். ரத்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முனிகிருஷ்ணன் இட்லி வாங்கி வந்தான். பிள்ளை தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எண்ணூர்ல கரண்டு உற்பத்தி பண்ற எடம் கட்டறாங்களாம். மண்ணு சொமக்க ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னாங்க" என்றான்.

"ஏன் சொமக்கணும்? இது உங்க அப்பன் வலை போட்ட ஏரி. நீ வலைதான் போடணும்."

"பாடு இல்லாம எப்படிடி?"

"பாட்ட எவன் புடுங்கறான்னு நாளைக்குப் பாப்போம். புள்ளைக்கு நஞ்சு ஊட்டினாத்தான் ஏரி உனக்குன்னு சொன்னா, அந்த நாயம் தப்பு மாமா. நாயம் தப்புன்னு சொல்லிட்டு அப்பறம் எண்ணூருக்குப் போலாம். சொல்லாம போவக் கூடாது."

முனிகிருஷ்ணன் இட்லி இலையை மடித்தான். "காலையில பெரியவர்கிட்ட சொல்றேன்னு போனேன். சொல்லல" என்றான். 

"தெரியும். பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள் அவள். 

பொழுது சாய்ந்தது. செங்கம்மாள் மட்டும் வீடு வரவில்லை. அவள் சோறு அப்படியே மூடியிருந்தது. சண்டை வேறு, சோறு வேறு. ரத்னா பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு நாத்தனாரைத் தேடிக்கொண்டு கரைக்குப் போனாள்.

கவிழ்த்துப் போட்ட தோணிக்குப் பக்கத்தில் செங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஏரித்தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் சிவந்திருந்தது.

"ஊட்டுக்கு வா அண்ணி. காலையிலேந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

செங்கம்மாள் திரும்பவில்லை. "கெங்கா எப்படிக் கீறா?"

"நல்லாக் கீறா. இட்லி தின்னா."

"மூச்சு?"

"வந்திடிச்சி."

செங்கம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு, சம்பந்தமே இல்லாததுபோலக் கேட்டாள்: "அவ மூக்கு மேல ஒரு கோடு கீதே, அது எப்படி வந்திச்சி?"

"மூக்கு அரிக்குதுன்னு எப்பவும் கையால மேல தள்ளித் தேச்சிக்கினே இருப்பா. அதுல வந்தது. டாக்டர் பார்த்துட்டு, இதுவும் அதே வியாதியோட அடையாளம்னாரு."

தண்ணீரில் இருந்த கை நின்றது.

"எம் மவன் அருணகிரிக்கும் இருந்திச்சி" என்றாள் செங்கம்மாள்.

ரத்னா மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வாழவந்த நாள் முதல் அந்தப் பெயரை இந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"முழங்கை மடிப்புல கரப்பான். பனி வந்தா தும்மல். ராவுல இழுப்பு. எல்லாம் இருந்திச்சி. அந்த ஊர்லயும் இதே வழக்கம்தான். அஞ்சு வயசு முடிஞ்சி முதல் இறால். அவன் அத்தை ஊட்ட வந்தா. வாணாம், குத்துதுன்னான். அதுக்கு முன்னால எப்பவோ கொஞ்சூண்டு இறால வாயில வச்சிருப்பான் போல. கெங்கா சொன்னாளே, அதே வார்த்தை. அவன் அத்தை, 'வேணாம்னா உட்டுடு அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்'னா. நான்தான் உடல. ஊர் முன்னால எம் புள்ள அடம் புடிக்கறதான்னு... நான்தான் மூக்கப் புடிச்சேன். வாயத் தொறந்தான்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள போயிட்டான். உதடு வீங்கி, கண்ணு வீங்கி. கெங்கம்மாவுக்கு நான் விரதம் சரியா இருக்கலையாம், அதான் புள்ளய எடுத்துக்கினான்னு சொன்னாங்க. தொரத்தி உட்டாங்க. சரி, சாமிதானே எடுத்திச்சின்னு நான் உசுரோட இருந்தேன். நீ பொன்னேரிலேந்து வந்து டாக்டர் சொன்னதச் சொன்ன பாரு... அன்னிலேந்து தெனம் கும்புட்டேன். நீ சொல்றது பொய்யா இருக்கணும்னு. இன்னிக்குக் கெங்கா தின்னுட்டு நல்லா இருந்தா, நீ சொன்னது பொய்யின்னு ஆயிடும். அதுக்குத்தான் ஊட்ட வந்தேன்." கையை மறுபடியும் தண்ணீரில் விட்டாள். "நீ சொல்றது நெசம்னா, ரத்னா, எம் புள்ளய சாமி எடுக்கல. நான்தான்..."

"வாய மூடு அண்ணி!"

ரத்னா கத்தியது கரையில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. அவள் நாத்தனாரின் ஈரக் கைகளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் இவளைப் போய்ச் சனியன் என்று மனசுக்குள் திட்டியதை நினைத்து அவளுக்கு நெஞ்சு வலித்தது.

"உனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. தெரியாம பண்ணினது கொலை இல்ல. இன்னிக்கு மூக்குகிட்ட போன கை நின்னிச்சே, ஏன் நின்னிச்சி? உனக்குத் தெரிஞ்சி போச்சி, அதான் நின்னிச்சி. தெரிஞ்சப்பறம் நீ ஊட்டல அண்ணி."

செங்கம்மாள் அழுதாள். இத்தனை வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். ரத்னா தடுக்கவில்லை. முந்தானையால் அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அழுது ஓய்ந்ததும் செங்கம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "கரப்பான் இருக்கிற எல்லாப் புள்ளைக்கும் இறால் ஆகாதா?"

"அப்படி இல்லையாம். நெறைய புள்ளைங்களுக்கு ஒண்ணும் பண்ணாதாம். ஆனா ஒரு தடவ வாயில வச்சி அரிச்சிருந்தா, வீங்கியிருந்தா, அப்பறம் தொடவே கூடாதுன்னாரு டாக்டர். ஏன் கேக்கற?"

"துளசிராமன்."

"யாரு, பெரியவர் பேரனா?"

"முழங்கை மடிப்புல கரப்பான் கீது. மூக்கு மேல அந்தக் கோடு கீது. இன்னிக்கு வரிசைல குந்திக்கினு, 'எங்க அம்மா கருவாட்டுக் கொழம்புல இறால் போட்டா என் நாக்கு அரிக்கும்'னு பக்கத்துப் புள்ளகிட்ட சொல்லிக்கினு இருந்தான். என் காதுல விழுந்திச்சி. நாளைக்குக் காலையில அவனுக்கும் ஊட்டப் போறாங்க."

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். புடவையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை. மேட்டுத் தெருவைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தாள். காலையில் கெங்காவை இழுத்துப் போய்ப் பானைக்கு எதிரில் உட்கார வைத்தவள்தான் இவள்.

"அண்ணி, இரு! நானும் வரேன். அவரு உன்ன சொம்மா உடமாட்டாரு. புருஷன் ஊட்டுல தொரத்தி உட்ட பொம்பளன்னு வாய்க்கு வந்ததப் பேசுவாரு."

"பேசட்டும். இதுவரைக்கும் எல்லாரும் பேசினாங்க, நான் கேட்டேன். இன்னிக்கு நான் பேசறேன்."

சடையப்பன் வீட்டு வாசலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பெரியவர் ஈசிசேரில் சாய்ந்து டிரான்சிஸ்டரில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். காலடியில் துளசிராமன் புதுச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையால் மூக்கை மேலே தள்ளித் தேய்த்துக்கொண்டான்.

வாசலில் நிழல் விழுந்ததும் சடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சிரிப்பு சிரித்தார்.

"வா செங்கம்மா. தம்பிக்குப் பாடு கேக்க வந்தியா? உள்ள வராத, அங்கேயே நின்னு சொல்லு."

செங்கம்மாள் படியேறி உள்ளே வந்தாள். டிரான்சிஸ்டரின் திருகைத் தானே திருப்பி அணைத்தாள்.

"பாடு கேக்க வரல பெரியவரே. இறால் தின்னு செத்த புள்ள எந்தக் குப்பத்துல இருக்குதுன்னு காலையில கேட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."